சுழலின் வால்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்குக் காலை கடலாய்வு நிலையத்தின் மாடி அறையில், நாற்காலியில்கூட உட்காராமல் அவள் திரையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர் அந்தக் காதுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே நழுவினார்.

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டே பழகிவிட்டது; நாற்பதை எட்டப்போகிற வயதிலும் அவள் சின்னவள்தான். அலுவலகத்தில் ‘சுழி மேடம்’. கடலில் உருவாகிற பெரிய நீர்ச்சுழல்களைப் பின்தொடர்வது அவள் வேலை, அதனால் வந்த பெயர். அவளுடைய குணத்துக்கும் பொருந்துகிறது என்று கேன்டீனில் சிரிப்பார்கள்.

திரையில் இருந்தவை இரண்டு சுழல்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது என்றாலும் ஒரு நகரத்தைத் தூக்கி உள்ளே வைத்துச் சுற்றலாம். படகில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் எப்போதும் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் மாட்டிய கட்டையோ படகோ வாரக்கணக்கில் அதற்குள்ளேயே வட்டமடிக்கும். ஒரே திசையில் சுற்றும் இப்படி இரண்டு சுழல்கள் நெருங்கிவிட்டால், முதலில் ஒன்றையொன்று சுற்றி வரும். இன்னும் நெருங்கினால் பெரியது சின்னதைப் பிய்க்கத் தொடங்கும். சின்னதன் நடுப்பகுதி பெரியதன் வயிற்றுக்குள் போய்விடும். ஓரத்துத் தண்ணீர் உள்ளே போகாது. நீண்டு மெலிந்து, வால் மாதிரி, வெகுதூரத்துக்கு வெளியே வீசப்படும்.

இந்தச் சேர்க்கையை அளக்கத்தான் நிலையத்தின் படகு கடலுக்குப் போனது. கேப்டன், இன்ஜின் மெக்கானிக், ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் என்று நாலு பேர். பயணம் முடிவானபோது சின்னவளும் சந்தோஷத்தில் துள்ளியவள்தான். இப்படி ஒரு சேர்க்கையை நேரில் அளக்கிற வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான். பெரியவளின் கணவர்.

சின்ன சுழலின் ஓரத்தில், தண்ணீரோடு மிதந்தபடி தாம் இருக்கும் இடத்தை நிலையத்துக்கு அனுப்பும் மிதவைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது இன்ஜின் நின்றது. கேப்டன் ரேடியோவில் தாங்கள் இருக்கிற இடத்தைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ரேடியோவும் செத்துப்போனது. மறுநாள் தேடல் தொடங்கியது. படகு எங்கே மிதந்து போயிருக்கும் என்று கணித்துச் சொல்லவேண்டியது இந்த நிலையம். அது சின்னவளின் வேலை. ஆனால் நிலையத் தலைவர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

“உங்க குடும்பத்து ஆள் அதுல இருக்கார். இந்த நிலைமையில நீங்க வேலை பார்க்க வேண்டாம். போய் ரெஸ்ட் எடுங்க. நாங்க பார்த்துக்கறோம்.”

அன்று முழுக்க அவள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் யார் அனுமதியும் கேட்காமல் வந்து திரையைத் திறந்தாள். அப்போதுதான் தெரிந்தது, பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. படகிலிருந்து கடைசியாக இறக்கிய மிதவை, முந்தின நாளே தன் வட்டத்தை விட்டு விலகி, நேராகக் கிழக்கே ஓட ஆரம்பித்திருந்தது. மேகம் கிழிந்திருந்த ஓர் இடத்தில் செயற்கைக்கோள் எடுத்த கடல் வெப்பப் படத்தைத் தேடி எடுத்தாள். அதில் வெதுவெதுப்பான தண்ணீரின் மெல்லிய பட்டை ஒன்று, அந்த மிதவை போன அதே வழியில் நீண்டு கிடந்தது. சுழல்கள் சேர்ந்துவிட்டன. தேடப் போன விமானங்களோ, இல்லாத சின்ன சுழலுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன.

நிலையத் தலைவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். கூரை இடிந்து விழுந்தாலும் “நிதானமா பார்க்கலாம்” என்றுதான் சொல்வார். எப்போதோ ஒரு முறை அவசரப்பட்டு மாற்றிய கணிப்பால் ஒரு கப்பல் வீணாக அலைந்ததாம், மேலிடத்தில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அதிலிருந்து எதையும் மாற்றமாட்டார். அறைக் கதவைத் தட்டாமல் சின்னவள் உள்ளே போனபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ரெண்டு சுழலும் சேர்ந்துடுச்சு. நேத்தே சேர்ந்துடுச்சு. விமானம் தப்பான இடத்துல தேடுது.”

“நீங்க எப்ப வந்தீங்க? உங்களை வர வேண்டாம்னு சொன்னேனே.”

“படகு சின்னதோட ஓரத்துல இருந்தது சார். ஓரத்துல இருக்கறது உள்ள போகாது, வாலோட போயிடும். கிழக்க தேடச் சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் நீட்டிய படத்தைக் கையில் வாங்காமலே பார்த்தார். “நம்ம முன்னறிவிப்புப்படி சேர்றதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே.”

“முன்னறிவிப்பு தப்பு சார். நாம எழுதினதைப் படிச்சுட்டா கடல் ஓடுது?”

“ஒரே ஒரு மிதவையை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா.”

“அந்த ஒண்ணுதான் சார் படகுக்குப் பக்கத்துலயே இருந்தது.”

“சாயங்காலம் செயற்கைக்கோள் அந்தப் பக்கம் போகும். புதுப் படம் வரட்டும். நிதானமா பார்க்கலாம்.”

“சாயங்காலம் இருட்டிடும். இன்னொரு ராத்திரி அவங்க கடல்ல கிடக்கணுமா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். துக்கம் விசாரிக்கிறவரின் குரல் அது. “உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. அத்தான் மேல உள்ள பாசம். அதனாலதான் கண்ணுக்கு எல்லாம் அப்படித் தெரியுது.”

“என் அத்தான் அதுல இல்லைன்னா தண்ணி வேற பக்கமா ஓடும்?”

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அந்த அடுக்கலைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னறிவிப்பு தப்பு என்று ஒப்புக்கொண்டால், நேரங்கெட்ட நேரத்தில் படகை அனுப்பியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதத்தை அடுக்குவது அதைவிடச் சுலபம். கதவை அவள் சாத்திய சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடிப்படியின் கீழே பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்; சாவி இன்னும் கையில் இருந்தது. காவலாளி உள்ளே விடமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அவர் முகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் முகமாக இருந்தது.

“எங்கடி என் புருஷன்?” என்றாள் பெரியவள், தங்கையைப் பார்த்ததும்.

“தெரியும்க்கா. எங்க இருப்பார்னு தெரியும். இவங்க தேட மாட்டேங்கறாங்க.”

“யார் தேடுவாங்க?”

“துறைமுகத்துல மீட்பு மையம் இருக்கு. ஆனா எங்க ஆபீஸ் சொல்ற இடத்துலதான் தேடுவாங்க.”

“வண்டில ஏறு.”

வேனில் பிள்ளைகளுக்கான குட்டை இருக்கைகள். முன்னால் துணைக்கு வரும் ஆயாவின் இருக்கையில் சின்னவள் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குறுக்கே வந்த லாரிக்காரனை அவள் திட்டிய திட்டு, அந்த வண்டியில் தினமும் வருகிற பிள்ளைகள் கேட்கக்கூடாத திட்டு.

“பம்ப் ஒழுகுதுன்னு அவர் சொன்னது உனக்குத் தெரியுமா?” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எந்த பம்ப்?”

“இன்ஜினைக் குளிர வைக்கற பம்ப். மாத்தாம கிளம்பக் கூடாதுன்னு உங்க தலைவர்கிட்ட போய்ப் போய்ச் சொன்னார். மேலிடத்துல இருந்து ஆள் வர்றாங்களாம், அதுக்குள்ள அளந்து காட்டணுமாம், வந்து மாத்திக்கலாம்னுட்டாராம் அந்த ஆள். இவரும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்றார். என்கிட்ட சொல்லி என்ன? நான் பம்ப் வாங்கித் தரவா?”

“என்கிட்ட சொல்லலையேக்கா.”

“நீதான் குதிச்சுக்கிட்டு இருந்தியே, சுழல் சேருது, சுழல் சேருதுன்னு. உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு விட்டுட்டார்.”

சின்னவளின் கோபம் இப்போது எல்லாத் திசையிலும் போயிற்று. நிதானத்தின் மேல், தலையாட்டிய அத்தான் மேல், குதித்த தன் மேல், சிவப்பு விளக்கின் மேல்.

மீட்பு மையத்தில் டியூட்டியில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. காதில் ஹெட்போன், முன்னால் பெரிய கடல் வரைபடம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, சின்னவள் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

“நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா நான் வேலையை விட்டுடறேன்.”

“உங்க வேலையை வச்சு நான் என்ன பண்றது? தப்பா இருந்தா என் விமானம் வெறும் தண்ணியைப் பார்த்துட்டு வரும். படகு இன்னொரு பக்கம் கிடக்கும். அதைக் கேட்கறேன்.”

அந்தக் கேள்வி சின்னவளின் சூட்டில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. இரண்டு நாளில் முதல் முறையாக ஒருவர் அவளிடம் கடலைப் பற்றிக் கேட்கிறார், பாசத்தைப் பற்றி அல்ல. கணினியைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

“தப்பா இருக்க வாய்ப்பு இருக்கு. வால் ரொம்ப நீளம், எந்த இடத்துல இருப்பாங்கன்னு துல்லியமா சொல்ல முடியாது. படகு தண்ணிக்கு மேல இருக்கறதால காத்தும் தள்ளும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா கடல்ல இந்தத் துண்டு. இதுல இல்லைன்னா இதுக்குக் கொஞ்சம் தெற்க. ஆனா நீங்க இப்ப தேடற இடத்துல நிச்சயமா இல்ல. அந்த இடத்துத் தண்ணியே இப்ப அங்க இல்ல.”

அதிகாரி போனை எடுத்து நிலையத்தைக் கூப்பிட்டார். நிதானத்தின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. அந்த அம்மா மிகவும் திறமையானவர், ஆனால் இப்போது உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், அவர் அத்தான் அந்தப் படகில் இருக்கிறார் என்றது குரல்.

“சரி சார். அந்த மிதவை ஏன் கிழக்க போச்சு?” என்றார் அதிகாரி.

ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அதை ஆராயணும்.”

“ஆராயுங்க,” என்று போனை வைத்தார் அதிகாரி. இரண்டு விமானங்களில் ஒன்றைக் கிழக்கே திருப்பச் சொன்னார். இரண்டையும் அனுப்ப முடியாது, தனக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள் என்றார். சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. சுவரோரம் இருந்த பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். விமானி, சின்னவள் முதலில் காட்டிய துண்டை முழுக்கத் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்றார். பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சின்னவளால் தாங்க முடியவில்லை. “தெற்க போகச் சொல்லுங்க,” என்றாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

“படகு தெரியுது. மேல ஆள் இருக்காங்க. கையாட்டறாங்க. மூணு பேர்.” கொஞ்சம் இடைவெளி. “நாலு.”

பெரியவள் எழுந்து மேசைக்கு வந்தாள். “நாலாவது ஆள் நிக்கறாரா, படுத்திருக்காரான்னு கேளுங்க.”

“படுத்திருக்கார்,” என்றது ஸ்பீக்கர். “தலையைத் தூக்கறார்.”

படுத்திருந்தது அத்தான்தான். இன்ஜின் கொதித்து நின்றபோது பம்ப்பை அடைக்கப் போயிருக்கிறார். கொதிநீர் பீய்ச்சி வலது கை முழுக்க வெந்துவிட்டது. படகில் இருந்த களிம்பும் துணியும் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? கடல் ஈரத்தில் புண் சீழ் பிடித்து, காய்ச்சல் உச்சியில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

“முந்தின நாளே கொண்டு வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்,” என்றார் டாக்டர், சாதாரணமாக.

முந்தின நாள். மிதவை கிழக்கே திரும்பிய நாள். சின்னவள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு ரெஸ்ட் எடுத்த நாள். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடிக்குப் போய், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியில் போன நர்ஸ் ஒருத்தி என்ன ஆயிற்று என்று கேட்கப் பயந்து ஒதுங்கிப் போனாள்.

அலுவலகத்தில் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். “அதான் வந்துட்டாங்களே மேடம். இனிமே எதுக்குக் கோபம்?” பக்கத்து மேசைக்காரர் சொன்னார். கேன்டீனில் சொன்னார்கள். கடைசியில் அத்தானே சொன்னார், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு.

“விடு சின்னவளே. அதான் வந்துட்டேனே. வேலைக்கு உலை வச்சுடாதே.”

“வந்தது முழுசா வந்தீங்களா?” என்று பெரியவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டு ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். “பம்ப் ஒழுகுதுன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்குப் போகமாட்டேன்னு சொல்லத் தெரியலையா?”

அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நிலையத்தின் கூட்ட அறையில் பாராட்டு விழா வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். குடும்பத்தினருக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நிதானம் மைக்கைப் பிடித்தார். பதற்றமில்லாமல் செயல்பட்டதால்தான் நாலு உயிர்கள் கிடைத்தன என்றார். இந்த நிலையத்தின் துல்லியமான கணிப்புதான் விமானத்துக்கு வழிகாட்டியது என்றார். கைத்தட்டல் எழுந்தது.

சின்னவள் எழுந்து நின்றாள். கைத்தட்டல் ஓயும்வரை நின்றாள். கத்தவில்லை. காது மட்டும் எரிந்தது.

“சார், பம்ப் ஒழுகுதுன்னு மெக்கானிக் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?”

நிதானம் சிரித்தார். “அதையெல்லாம் தனியா உட்கார்ந்து பேசலாமே.”

“சொன்னாரா இல்லையா? ஒரே வார்த்தை.”

“நிதானமா…”

“சொன்னார்,” என்றார் கேப்டன், முன்வரிசையிலிருந்து. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “நானும் பக்கத்துல நின்னேன்.”

பெரிய அதிகாரி திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அத்தான் கட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெரியவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவள் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சொன்னேன். ஒரு தடவை இல்ல.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் சின்னவள், நிதானத்திடம். “மிதவை கிழக்க திரும்பின அன்னிக்கு என்னை வீட்டுல உட்கார வச்சீங்க. மறுநாள் வந்து சொன்னப்ப காகிதம் அடுக்கினீங்க. எது துல்லியம் சார்? எதுக்குக் கைத்தட்டல்?”

நிதானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மைக் கீச்சென்று கத்தியது. யாரோ அதை அணைத்தார்கள்.

விசாரணை நடந்தது. எல்லாரும் பேசினார்கள். மீட்பு மைய அதிகாரி வந்து தன் பங்குக்கு, போனில் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னார். முடிவு வந்தபோது சின்னவளுக்கு மறுபடி காது சிவந்தது. மெக்கானிக் சரி என்று சொல்லாமல் இனி எந்தப் படகும் கரையை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அது நல்லது. தலைவரைத் தாண்டி வெளியே போனதற்காக அவளைக் கண்டித்தார்கள். போகட்டும் என்று விட்டாள். நிதானத்தைத் தலைமையகத்துக்கு மாற்றினார்கள், இப்போதிருப்பதைவிடப் பெரிய அறைக்கு. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. படகுத் துறைக்கு நடந்து, படகுக்குள் இறங்கினாள். படகின் வயிற்றுக்குள் புது பம்ப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த மெக்கானிக் மேலே சாமான் எடுக்கப் போயிருந்தார். அத்தான் தனியாக முட்டிபோட்டு உட்கார்ந்து, கடைசி நட்டை இடது கையால் முடுக்கப் பார்த்தார். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. வலது கையைத் துணைக்குக் கொண்டுவந்தார். மூன்று விரலில் பிடி நிற்கவில்லை. ஸ்பேனர் தெறித்து அடித்தட்டில் எங்கோ போய் விழுந்தது.

உதவிக்குக் கை நீட்டிய சின்னவளை அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் ஆரம்பித்தார். குரல் உயர்த்தி ஒருவரைக் கூப்பிட்டுக்கூட அறியாத மனிதர், இன்ஜின் அறையின் இரும்புச் சுவர்கள் அதிரும்படி நிதானத்தைத் திட்டினார். அவரைத் திட்டினார், அவர் கண்ணாடியைத் திட்டினார், மேலிடத்து அதிகாரியைத் திட்டினார், தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிய தன்னையே திட்டினார். மேலே சாமான் எடுக்கப் போனவர் படியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டார்.

சின்னவள் போதும் என்று சொல்லவில்லை, சமாதானமும் செய்யவில்லை. எண்ணெய்ப் பிசுக்கான படியில் உட்கார்ந்து, அவர் திட்டி முடிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.